வங்கி வரலாற்றில் இடம்பெறாத ஆட்டுக்குட்டி

எங்கள் ஊர் வங்கியின் பெயர்ப்பலகையைப் போன மாதம் கழற்றினார்கள். அதைப் பெரிய வங்கி ஒன்றோடு சேர்த்தாகிவிட்டது. பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தில் நீளமாகத் தெரிகிறது. ஓய்வுபெற்ற ஊழியர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூ, மாலையில் பிரஷர் மாத்திரை பற்றிய எச்சரிக்கை என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அந்தக் குழுவில் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வங்கிக்கு ஒரு நினைவு மலர் போட்டால் என்ன? வரலாற்றை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். என் அப்பா அந்த வங்கியின் நகைக்கடன் பிரிவில் எழுத்தராக இருந்து அங்கேயே தலை நரைத்தவர். இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

"ரெண்டே பக்கம் போதும்மா. நல்ல விஷயமா எழுதுங்க" என்று போனில் சொன்னார் பழைய மேனேஜர்.

நல்ல விஷயமாகவே எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எழுதாமல் விட்டது என்ன என்பது தெரியும்.

அந்தக் காலத்தில் பெரிய ஊர் வங்கிகளில் எங்கள் ஊர் வியாபாரிகளுக்குக் கடன் கிடைக்காது. மூட்டை தூக்குகிற ஆட்கள் என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். இவர்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் இருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும், அது பருத்தியோ மிளகாய் வத்தலோ மல்லியோ, இத்தனை காசு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். யாரும் வைக்காமல் இருக்கவும் மாட்டார்கள். அந்தக் காசில்தான் பள்ளிக்கூடம் வந்தது, வாத்தியார் சம்பளம் வந்தது, கடைசியில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் முன்னறையில் வங்கியும் வந்தது. இரும்புப் பெட்டியை விருதுநகரிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தபோது அச்சு முறிந்து அரை நாள் ரோட்டோரம் கிடந்ததாம். காலிப் பெட்டிக்கு நான்கு பேர் கம்போடு காவல் நின்றார்களாம்.

அதன் பிறகு, எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் மனப்பாடமான அந்தக் கதை. ஒரு வருஷம், வங்கி கொடுத்த காசோலை ஒன்று எங்கோ திரும்பிவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பி, பஸ் ஏறி எங்கள் ஊர் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை வங்கி வாசலில் பெருங்கூட்டம். எல்லோருக்கும் போட்ட பணம் உடனே வேண்டும். எந்த வங்கியிலும் எல்லார் பணமும் ஒரே நாளில் கையிருப்பாக இருக்காது. அன்றைக்குக் கதவை மூடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கடைவீதிக்காரர்கள் அவரவர் கல்லாவைக் காலி செய்து, சாக்குகளில் கட்டி, முதுகில் சுமந்து கூட்டத்தின் நடுவாகவே கொண்டுபோய் மேசைமேல் வாயைத் திறந்து வைத்தார்கள். மேலே நோட்டும் நாணயமும். அடியில் பருத்திக்கொட்டை. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் யாருக்கும் பணம் தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குள் வாசல் காலி.

மூட்டை சுமந்தவர்களின் படங்கள் மலரில் வரிசையாக வருகின்றன. நானே பெயர் சரிபார்த்தேன்.

அதே பெரியவர்கள் இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். அது எந்தப் புத்தகத்திலும் அச்சில் கிடையாது. அடகு வைத்த நகைக்குக் கெடு தாண்டி, அது ஏலத்துக்குப் போகுமுன் கார்டு போடுவார்கள். கார்டு மட்டும் போதாது. கார்டைத் தபால்காரர் படிப்பார், ஆளில்லாத வீட்டுக்கு வாங்கி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார். அதனால் வங்கியிலிருந்து ஒரு ஆள் நேரே வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சொன்னது அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. சொந்தக்காரர் வந்துபோன மாதிரி இருக்க வேண்டும். அப்பாவுக்கு முன்னால் இருந்தவர் கையில் வெற்றிலை பாக்கு வைத்த மஞ்சள் பையோடு போவாராம், ஏதோ கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவர் போல.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் குளிப்பாட்டி, இரட்டைச் சடை போட்டு, மாம்பழ நிறப் பட்டுப்பாவாடையைக் கட்டிவிடுவாள். அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார். "இதுக்குப் போயி பிள்ளையக் கூட்டிட்டு அலையிறீகளே" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். வெயிலுக்காகச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திருச்சுழி ரோட்டில் போய், ஏதாவது ஒரு மண் பாதையில் உள்ளே திரும்பினால், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே கரிசல், பிறகு ஒரு ஊர். தெருவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"யாரு, விருந்தாடியா?"

"சும்மாதான். பிள்ள ஆசப்பட்டா, கூட்டிட்டு வந்தேன்" என்பார் அப்பா.

நான் அப்படி ஆசைப்பட்டதாக எனக்கு நினைவே இருக்காது. இருந்தாலும் அப்பா அப்படிச் சொல்வது பெருமையாக இருக்கும்.

போகிற வீட்டில் கருப்பட்டிக் காப்பி கிடைக்கும். சில வீடுகளில் பையனைக் கடைக்கு ஓடவிட்டு காராச்சேவு வாங்கிவரச் சொல்வார்கள். ஒரு வீட்டில் முட்டை அவித்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், "பாப்பா, வெளிய போயி கோழி பாரு" என்பார் அப்பா. நான் போய்க் கோழி பார்ப்பேன். திரும்பி வரும்போது வீடு சத்தமில்லாமல் இருக்கும். ஒரு தடவை ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் கன்னம் ஈரமாக இருந்தது. என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியம். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'என் உறவினர்கள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு இருபத்தாறு அத்தைகள், பதினொரு சித்தப்பாக்கள் என்று ஊர்வாரியாக எழுதினேன். டீச்சர் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டினார். அப்பா சிரித்தார். பிறகு நோட்டை மூடி, அட்டையைக் கையால் தடவிக்கொடுத்தார்.

அந்த இருபத்தாறு பேரில், நாங்கள் வீடு தேடிப் போகாமல் அவர்களாகவே எங்களைத் தேடி வந்த ஒரே ஆள் அத்தை. நான் 'அத்தை' என்று சொன்னால் அது இவர்கள்தான். உறவு ஒன்றும் கிடையாது. அப்பாவை "அண்ணே" என்று கூப்பிடுவார்கள், அதனால் எனக்கு அத்தை. அவர்கள் வீட்டுக்காரர் தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். இங்கே மானாவாரியாக மிளகாய் போட்டு, ஏழெட்டு ஆடு வைத்துக் குடும்பத்தை நடத்தியது அத்தைதான். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் தாலிச் சங்கிலியைக் கொண்டுவந்து வைப்பார்கள். வத்தல் விற்றதும் வந்து மீட்டுப் போவார்கள். கெடுவுக்கு முன்னாலேயே வந்து நிற்கிற ஆள்.

"இந்தச் சங்கிலி ஒன் கழுத்துல இருந்ததவிட எங்க பெட்டியில இருந்ததுதான் அதிகம் தங்கச்சி" என்பார் அப்பா.

"அங்கயாவது பத்திரமா இருக்கட்டும்ண்ணே" என்று சிரிப்பார்கள் அத்தை. வரும்போதெல்லாம் அவித்த துவரங்காய் ஒரு பொட்டலம் எனக்கு வரும். ஒரு தடவை என் சடையைப் பிடித்து இழுத்து, "எங்க செவல ஆடு சினையா இருக்கு. குட்டி போட்டா ஒண்ணு ஒனக்குத்தான் தாயி" என்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது என் நச்சரிப்பு.

அந்த வருஷத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை இல்லை. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது பூக்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கூடிக்கொண்டே போயின. மாதத்துக்கு ஒன்றிரண்டு ஊர் என்பது வாரத்துக்கு ஒன்றாகி இரண்டாகியது. அத்தையின் தெருவிலேயே இரண்டு வீடுகளுக்குப் போனோம். அந்த இரண்டு வீட்டு நகைகளும் அடுத்த மாதமே ஏலத்தில் போய்விட்டன. அது எனக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

நான் கவனித்தது வேறு. எங்கள் மொபெட் சத்தம் கேட்டதும் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்கள். திறந்திருந்த கதவு சாத்திக்கொண்டது. ஒரு பையன் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே, "பேங்க் பாப்பா வருது, பேங்க் பாப்பா வருது" என்று கத்தினான். என்னைத் தெரியாத ஊரே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பின் சீட்டில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது வருஷம் தாமதமாக மழை பெய்தது. மழையில்லாத இரண்டு வருஷமும் ஆட்டை விற்றுச் சங்கிலியை மீட்டிருந்த அத்தை, வழக்கம்போல அதைத் திரும்ப வைத்தார்கள். உரக்கடையில் உரம் கடனாக வாங்கினார்கள். வத்தல் மண்டியில், காய்ந்த வத்தலை அங்கேயே கொண்டுவந்து போடுகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். இந்த இரண்டுக்கும் எழுத்து கிடையாது, ஈடு கிடையாது. அத்தையின் முகத்துக்குக் கொடுத்தது. செடி நன்றாக வந்திருந்தது. முதல் பறிப்புக்கு மூன்று வாரம்தான் பாக்கி. பறிப்பு முடிந்தால் மண்டி, உரக்கடை, வங்கி மூன்றும் தீரும், சங்கிலியும் கழுத்துக்கு வரும். சங்கிலிக்குக் கெடு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. இதெல்லாம் பல வருஷம் கழித்து அப்பா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆடு குட்டி போட்டுவிட்டது.

"இப்ப வேண்டாம் பாப்பா. பறிப்பு முடியட்டும், போவோம்" என்றார் அப்பா.

ஆட்டுக்குட்டி பார்ப்பதற்கும் மிளகாய் பறிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் படுத்துக் கை காலை உதைத்தேன். கடைசியில் அம்மா எனக்குப் பரிந்து வந்தாள்.

"எங்கெங்கயோ ஒங்க வேலைக்குக் கூட்டிட்டு அலையிறீக. ஒரு நாளு பிள்ள ஆசைக்கு ஒரு எட்டு கூட்டிட்டுப் போனாத்தான் என்ன?"

பட்டுப்பாவாடை வேண்டாம், சாதாரண கவுன் போதும் என்று மட்டும் அப்பா சொன்னார். எப்போதும் கொண்டுபோகிற தோல் பையை ஆணியிலேயே விட்டுவிட்டார். நான் விடுவேனா? அத்தை வீட்டுக்குப் பட்டுப்பாவாடை கட்டாமல் வரமாட்டேன் என்று நின்றேன். கட்டிக்கொண்டுதான் போனேன்.

எங்களைப் பார்த்ததும் அத்தையின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. கையில் புடைத்துக்கொண்டிருந்த சுளகு அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நெசமாவே சும்மாதான் வந்தோம். பிள்ள குட்டியப் பாக்கணும்னா" என்றார் அப்பா அவசரமாக.

அத்தை நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்கள். சிரித்தார்கள். உடனே வாசலை எட்டிப் பார்த்தார்கள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கலாம்ல. நானே குட்டியத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

சத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் குட்டியோடு இருந்தேன். செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. என் பாவாடையின் ஜரிகையை வாயில் வைத்து இழுத்தது. அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. இப்போதே கொண்டுபோக வேண்டும் என்றேன். "பால் மறக்கட்டும் தாயி, நானே கொண்டாந்து விடுறேன்" என்றார்கள்.

கிளம்பும்போது அத்தை தெரு முனைவரை எங்களோடு நடந்து வந்தார்கள். அதுவரை எந்த வீட்டிலும் யாரும் எங்களோடு அப்படி வந்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, சத்தமாகச் சிரித்து, "பிள்ள ஆட்டுக்குட்டி பாக்க வந்துச்சு! அடம் பிடிச்சு வந்திருக்கு பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

முன்பு நாங்கள் போன அந்த இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார்கள். "ஆமா, எங்க வீட்டுக்குங்கூட அன்னைக்குக் கோழி பாக்கத்தான் வந்துச்சு" என்றார்கள்.

அத்தையின் சிரிப்பு அதோடு நின்றது. நான் அந்த அம்மாவுக்கும் தெருவிலிருந்த மற்ற எல்லாருக்கும் கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தப் பேச்சு டவுனுக்கு வந்துவிட்டது. சங்கிலி ஏலத்துக்கு வந்துவிட்டதாம், அந்த அம்மா கதை முடிந்ததாம். வத்தல் மண்டிக்காரர் யோசிக்கவில்லை. உரக்கடைக்காரர் முந்திக்கொள்ளுமுன் தான் முந்த வேண்டும் என்று லோடு ஆட்டோவோடு போனார். மண்டிக்காரர் போனதைக் கேள்விப்பட்டு உரக்கடைக்காரரும் போனார். மூன்று வாரம் பொறுங்கள் என்று அத்தை கேட்டார்களாம். "மூணு வாரத்துல நான் ஒங்கள எங்க போயித் தேடுவேன்?" என்றாராம் மண்டிக்காரர். ஆடுகளை ஏற்றினார்கள். உரக்கடைக்காரர் ஆள் வைத்து, பழுக்காத மிளகாயைப் பச்சையாகவே பறித்துக்கொண்டு போனார். பறித்த கூலிக்கே அது பற்றவில்லை என்று பிற்பாடு அவரே சலித்துக்கொண்டாராம். செடிகளை ஆட்கள் மிதித்ததில் அடுத்த பறிப்புக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குத் தெரிந்தது. வேலையைப் போட்டுவிட்டு நேரே மண்டிக்கு ஓடியிருக்கிறார்.

"அவ நகைக்கு ஒண்ணும் ஆகலங்க. நான் அன்னைக்கு சும்மாதான் போனேன். பிள்ள ஆசப்பட்டா, கூட்டிட்டுப் போனேன்."

மண்டிக்காரர் அப்பாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி வாங்கிவரச் சொன்னாராம். பிறகு, "நீங்க எப்பவும் அப்படித்தான அண்ணாச்சி சொல்லுவீக. வேற மாதிரி சொன்னா ஒங்கள அந்த வேலையில வச்சிருப்பாகளா?" என்று மரியாதையாகச் சொன்னாராம்.

அப்பா அத்தையின் ஊர் டீக்கடைக்கும் போய்ச் சொன்னார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எத்தனையோ வருஷமாக, எத்தனையோ தெருவில், பொய்யாகச் சொன்ன அதே வார்த்தைகள்தான் அப்பாவிடம் இருந்தன. உண்மையைச் சொல்ல அவரிடம் வேறு வார்த்தை இல்லை. வங்கிப் பேரேட்டைக் கொண்டுபோய்க் கெடு தேதியைக் காட்டியிருக்கலாம். ஒருவர் கணக்கை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்பதும் அதே பெரியவர்களின் விதி. அப்பா விதியை மீறவில்லை. மீறியிருக்கலாமே என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த ஆதங்கம் இன்றுவரை தீரவில்லை.

அந்த மண்டிக்காரரின் தாத்தாவும் சாக்கு சுமந்து வங்கியைக் காப்பாற்றியவர்தான். மலரில் மூன்றாவது படம். நல்ல களையான முகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, அப்பாவோடு வீட்டுக்குப் போவதற்காக வழக்கம்போல வங்கிக்குப் போனேன். இரும்புக் கேட்டில் ஒரு சேலைக் கிழிசலால் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. நெற்றியில் வெள்ளை. நான் கத்திக்கொண்டே ஓடினேன். அத்தை உள்ளேயிருந்து வந்தார்கள். சங்கிலியை விற்றுக் கணக்கை முடித்துவிட்டு, மிச்சத்தை உரக்கடைப் பாக்கிக்கு எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. அது பளிச்சென்று அழகாக இருப்பதாக நினைத்தேன்.

"இந்தா தாயி, ஒன் குட்டி."

"இன்னும் பால் மறக்கலையே அத்தை?"

"மறக்கல. தாய் ஆடு வண்டி ஏறிப் போயிருச்சு. நீ புட்டியில ஊத்திக் குடு, குடிச்சுக்கும்." குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கிழிசலை என் கையில் சுற்றிவிட்டார்கள். "இதையுந்தான் தூக்கப் பாத்தானுக. இது என்னுது இல்ல, பேங்க் பாப்பாவுக்குன்னு சொல்லியாச்சு, அடுத்தவுக பொருள எப்படிக் குடுக்கன்னு கேட்டேன். வச்சிட்டுப் போயிட்டானுக."

"மத்த ஆடெல்லாம் எங்க போயிருக்கு அத்தை?"

"மேய" என்றார்கள். என் சடையை ஒரு தடவை பிடித்து இழுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். அப்பா கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. அவர்கள் போன பிறகும் வெகு நேரம் வரவில்லை.

அடுத்த வாரம் அத்தை குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டது. அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அப்பா அந்த வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். வேறு யாரும் போக முன்வரவில்லை. கார்டு போட்டால் போதும் என்று வங்கியும் விட்டுவிட்டது. பெரியவர்களின் விதி அப்படித்தான் முடிந்தது. இதில் மலருக்குத் தோதாக எந்த இடமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது அப்பா மொபெட்டில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்பா, வார ஞாயித்துக்கெழம அத்தை வீட்டுக்குப் போவமா? குட்டிய அதோட அம்மாட்டக் காட்டிட்டு வருவோம்."

"ம்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானே குளித்தேன். பட்டுப்பாவாடையை நானே எடுத்துக் கட்டிக்கொண்டேன். குட்டியின் கழுத்தில் என் சிவப்பு ரிப்பனைக் கட்டி, வாசல்படியில் மொபெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. வெயில் ஏறி, மொபெட்டின் நிழல் என் காலடிக்கு வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத மனுஷர் என்று அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

"அத்தையா இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாக" என்று குட்டியிடம் சொன்னேன்.